ஸ்கேனில் ஒன்றும் இல்லையா? வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு மூளைப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

வைரஸ் காய்ச்சல் வந்துபோய் மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் தலை தெளியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் நழுவிவிடுகிறது, எழுந்து நின்றால் கிறுகிறுக்கிறது, கொஞ்சம் கூடுதலாக வேலை பார்த்தால் மறுநாள் எழ முடியவில்லை. இப்படிச் சொல்லும் ஒருவருக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடைக்கும் முதல் யோசனை, "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பாரேன்" என்பதுதான்.

எடுத்துப் பார்த்து ரிப்போர்ட்டும் சுத்தமாக வந்துவிட்டால் வீட்டுக்குள் இரண்டு கட்சி உண்டாகும். "ஒண்ணும் இல்லண்ணு வந்தாச்சே, பின்ன எதுக்கு இப்பிடிச் சுருண்டு கெடக்கா?" என்பது ஒரு கட்சி. "அந்த மெஷினு கொள்ளாது, திருவனந்தபுரத்துல போய் எடுப்போம்" என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று எதிராகப் பேசினாலும் இரண்டு கட்சிக்கும் ஒரே நம்பிக்கைதான். மூளைக்குள் நடப்பதையெல்லாம் ஸ்கேன் காட்டிவிடும் என்ற நம்பிக்கை அது. உண்மையில் ஸ்கேன் காட்டுவது மூளையில் நடப்பவற்றில் ஒரு பகுதியைத்தான். எந்தப் பகுதி என்பது தெரிந்தால் இரண்டு கட்சிக்கும் பதில் கிடைத்துவிடும்.

தொட்டிப்பாலமும் கடைமடையும்

மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. பறளியாற்றுப் பள்ளத்துக்கு மேலே 28 தூண்களில் நிற்கும் தொட்டி வழியாகக் கால்வாய்த் தண்ணீர் ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்குப் போகிறது. கடைமடைக்காரர் ஒருவர் தன் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் வந்து பாலத்தை மூலைமுடுக்கு விடாமல் படம் எடுக்கிறார். தூண் சாய்ந்திருந்தாலோ, தொட்டியில் விரிசல் விட்டிருந்தாலோ, நடுவே ஏதாவது விழுந்து அடைத்திருந்தாலோ படத்தில் தெரியும். எதுவும் இல்லை என்றால் பாலம் நார்மல்.

ஆனால் மேலே ஷட்டரைப் பாதிதான் திறந்திருக்கிறார்கள் என்றாலோ, முறை வைத்து விடுவதில் குளறுபடி என்றாலோ, அணையிலேயே மட்டம் இறங்கிவிட்டது என்றாலோ பாலத்தின் படம் அதையெல்லாம் சொல்லாது. அதற்காகக் கடைமடைக்காரர் பொய் சொல்கிறார் என்று யாரும் முடிவு கட்ட மாட்டோம். அவர் வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

மூளைப் படங்களிலும் இந்த இரண்டு வகை உண்டு. மூளை எப்படி இருக்கிறது, எங்காவது உடைந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டமைப்புப் படம். அது எப்படி வேலை செய்கிறது, எங்கே ரத்தமும் சர்க்கரையும் கூடுதலாகப் போகிறது என்று பார்ப்பது இயக்கப் படம். ஊரில் "ஸ்கேன்" என்றால் எப்போதுமே முதல் வகைதான்.

சி.டி. எப்படி வேலை செய்கிறது

சி.டி. என்பது எக்ஸ்ரேயின் நீட்சி. எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்றிச் சுழன்று பல கோணங்களிலிருந்து கதிரை அனுப்புகிறது. எந்த இடத்தில் கதிர் எவ்வளவு தடைப்பட்டது என்பதைக் கணினி கூட்டிக் கழித்து, குறுக்கு வெட்டுப் படங்களாக்குகிறது. 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு இப்படி எடுத்தது மூளையைத்தான். இதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கோர்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றார்கள். சி.டி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் பளிச்சென்று காட்டும். மூளையின் மென்மையான பகுதிகளுக்குள் இருக்கும் சின்ன வித்தியாசங்களில்தான் அது தடுமாறும்.

கதிர்வீச்சு என்றாலே மணவாளக்குறிச்சி மணலை நினைக்கிற ஊர் இது, அதனால் ஒரு கணக்கு. ஒரு தலை சி.டி.யில் உடம்புக்குக் கிடைப்பது சுமார் 2 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதர் ஓர் ஆண்டில் இயற்கையாகப் பெறும் உலகச் சராசரி 2.4. தோரியம் கலந்த மோனசைட் மணல் கிடக்கும் நம் மேற்குக் கடலோரத்தில் இந்த இயற்கை அளவு சராசரியைவிடக் கூடுதல். தேவை இருக்கும்போது ஒரு சி.டி.க்குப் பயப்பட வேண்டியதில்லை. "மனசு ஆறட்டும்" என்பதற்காக நாலு முறை எடுப்பதுதான் வீண்.

எம்.ஆர்.ஐ.: காந்தமும் தண்ணீரும்

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. அது கேட்பது தண்ணீரின் பேச்சை. மூளையின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் கருவும் மிகச் சிறிய காந்தம். சாதாரணமாக அவை ஆளுக்கொரு திசையில் நிற்கும். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள், அதாவது பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு வலுவுள்ள இடத்துக்குள் தலையை வைத்ததும் அவற்றில் ஒரு சிறு பங்கு அதன் திசைக்கு ஒத்து நிற்கும். அப்போது ரேடியோ அலை ஒன்றை அனுப்பி அவற்றைச் சாய்க்கிறார்கள். அலையை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது மெல்லிய சைகை ஒன்றை வெளிவிடும். கொழுப்பில் ஒரு வேகம், தெளிந்த நீரில் ஒரு வேகம், வீங்கிய திசுவில் இன்னொரு வேகம். இந்த வேக வித்தியாசம்தான் படத்தில் கருப்பு, வெள்ளை, சாம்பலாகத் தெரிகிறது. இந்த முறையை உருவாக்கிய லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே படுத்தவர்களுக்கு நினைவிருப்பது அந்தச் சத்தம்தான். டக்டக்கென்று அடிக்கும், திடீரென்று நிற்கும், வேறு சுருதியில் மறுபடி தொடங்கும். படத்தில் எந்தப் புள்ளி எங்கே என்று பிரித்தறிய, பெரிய காந்தத்தோடு கூடச் சிறு காந்தச் சுருள்களை நொடிக்குப் பல முறை முடுக்குகிறார்கள். சுருள்கள் அதிர்வதால் வரும் சத்தம் அது. காதில் பஞ்சோ ஹெட்போனோ தருவார்கள். அரைமணி நேரம் தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும்; அசைந்தால் படம் கலங்கிவிடும்.

மெஷின் ஓடாதபோதும் காந்தம் ஓய்வதில்லை. அதனால்தான் அறைக்கு வெளியிலேயே கொண்டை ஊசி, சேலையில் குத்திய ஊக்கு, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அங்கே நடக்கும் வாக்குவாதம் தனிக் கதை. அதைவிட முக்கியமானது இதயத்தில் பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத்தூள். வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்கள் கேட்காவிட்டாலும் தாங்களே சொல்லிவிட வேண்டும்.

சில நேரம் நடுவில் கையில் ஊசி போட்டு மறுபடி எடுப்பார்கள். கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து அது. மூளையின் ரத்தக்குழாய்களுக்குக் கண்டதையும் உள்ளே விடாத ஒரு காவல் சுவர் உண்டு. அழற்சி, அதாவது கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு காட்டும் சூடும் வீக்கமுமான எதிர்வினை, இருக்கும் இடத்தில் அந்தச் சுவர் கசியும். கசிந்த இடத்தில் மருந்து தேங்கி வெள்ளையாக மின்னும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதைப் போடும் முன் யோசிப்பார்கள்.

இதுவரை பார்த்தது: சி.டி. எக்ஸ்ரேயால் எடுப்பது, அவசரத்துக்குக் கெட்டி. எம்.ஆர்.ஐ. காந்தத்தால் எடுப்பது, மென்திசுவுக்குக் கெட்டி. இரண்டுமே கட்டமைப்பைத்தான் பார்க்கின்றன.

ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு பெரிது

நல்ல எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர் திசு. கேட்கச் சின்னது. ஆனால் மூளையின் மேற்பட்டையில் அந்த அளவுக்குள் பல பத்தாயிரம் நரம்பணுக்கள் இருக்கின்றன. அத்தனை பேரின் சராசரிதான் ஒரு புள்ளியின் நிறம். அவற்றுக்குள் சைகை தாமதமாகிறதா, அவற்றைப் பராமரிக்கும் காவல் அணுக்கள் காய்ச்சல் போன பிறகும் விழிப்பாகவே இருந்து அழற்சியை இழுத்துக்கொண்டிருக்கின்றனவா, நுண்குழாய்களில் ஓட்டம் மந்தமா என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குள் கரைந்துபோகும்.

காய்ச்சலுக்குப் பிறகு நீடிக்கும் மறதி, கிறுகிறுப்பு, களைப்பு ஆகியவற்றுக்குக் காரணமாக ஆராயப்படுபவை பெரும்பாலும் இந்த அளவிலான மாற்றங்கள்தான். ஓயாத அழற்சி, ரத்தக்குழாயின் உட்சுவர் பாதிப்பு, தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்புசக்தி, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் நாம் நினைக்காமலே நடத்தும் தன்னியக்க நரம்புகளின் தடுமாற்றம். கோவிட்டுக்குப் பிறகு மட்டும் வந்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். வேறு வைரஸ்களுக்குப் பிறகும் இப்படி நீள்வது முன்பே தெரிந்ததுதான்.

2000-களின் பிற்பகுதியில் சிக்குன்குனியா பரவியபோது நம் ரப்பர் ஊர்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் தேங்கும் தண்ணீரில் கொசு பெருகும். இன்றும் பால்வெட்டு இல்லாத நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கச் சொல்வது அதனால்தான். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது, மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கில் நின்றது. எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் எலும்பில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் கட்டிலிலிருந்து எழ முடியாதவரைப் பார்த்து நடிப்பு என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் தெருவில் வீட்டுக்கு வீடு அதே வலி. மறதிக்கும் மந்தத்துக்கும் அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

எப்போது படம் கட்டாயம்

இவ்வளவு சொன்னதால் ஸ்கேனே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டால் ஆபத்து. வைரஸ் மூளையை நேரடியாகத் தாக்கும்போது படம் தெளிவாகவே பேசும். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலில் காதுக்கு உள்பக்கமாக இருக்கும் பொட்டுப் பகுதி மூளை வீங்கி மாறியிருக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் மூளையின் நடுவே புலன் செய்திகளைப் பிரித்தனுப்பும் தலாமஸ் இரு பக்கமும் பாதிக்கப்பட்டிருப்பது தெரியும். காய்ச்சல் ஓய்ந்து ஓரிரு வாரத்தில், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, எதிர்ப்புசக்தியே தடம் மாறி நரம்பிழைகளின் உறையைத் தாக்கும் நோய் ஒன்றும் உண்டு. அதில் வெள்ளைத் திட்டுகள் பரவலாக விழும். ரத்தம் உறைந்து மூளையின் குழாயை அடைப்பதும் படத்தில் பிடிபடும்.

வலிப்பு வந்தால், ஒரு பக்கம் கையோ காலோ தளர்ந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால், ஆளையே அடையாளம் தெரியாமல் பிதற்றினால், பார்வை மங்கினால், இதுவரை வராத கடும் தலைவலி இடி விழுந்த மாதிரி வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அது. அங்கே ஸ்கேன் வேண்டுமா என்று நீங்கள் கேட்க வேண்டியிருக்காது.

இன்னொரு அவசரம் நேர்மாறானது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ முடிந்த சில நாட்களில் இரண்டு காலும் தளர்ந்து, அந்தத் தளர்ச்சி மேலே ஏறிக்கொண்டே போனால் அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம். கோளாறு மூளைக்கு வெளியே ஓடும் நரம்புகளில் இருப்பதால் மூளைப் படம் சுத்தமாகவே இருக்கும். நரம்பில் சைகை ஓடும் வேகத்தை அளந்தும், முதுகுத் தண்டுநீரைச் சோதித்தும்தான் கண்டுபிடிப்பார்கள். மூச்சுத் தசை வரை ஏறக்கூடிய நோய் இது. தலை ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது.

அந்த வண்ணப் படங்கள்

செய்திகளில் மூளை சிவப்பும் மஞ்சளுமாக எரிகிற மாதிரி ஒரு படம் வரும். பக்கத்தில் நீலமாக இன்னொன்று. "கோவிட் வந்தவரின் மூளை" என்று தலைப்பு. அந்த வண்ணம் மூளையில் இல்லை. எண்களுக்குக் கணினி பூசிய நிறம் அது, எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைத் தீர்மானிப்பவர் ஆய்வாளர்.

இவை இயக்கப் படங்கள். பெட் ஸ்கேனில், லேசாகக் கதிர்வீசும் ஃப்ளோரின் ஒட்டிய சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். உடம்பின் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வில் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்குப் போகிறது. எந்தப் பகுதி சர்க்கரையை எவ்வளவு எடுக்கிறது என்று பெட் காட்டும். எஃப்.எம்.ஆர்.ஐ. என்பது அதே எம்.ஆர்.ஐ. மெஷினில், வேலை செய்யும் பகுதிக்குக் கூடுதலாக ரத்தம் போவதைப் பிராணவாயுவின் வித்தியாசத்தால் அறிவது; ஜப்பானிய ஆய்வாளர் செய்ஜி ஒகாவா 1990-இல் காட்டிய வழி. அந்த வித்தியாசம் சில சதவீதம்தான். திரும்பத் திரும்ப எடுத்து, சராசரி போட்டால்தான் அது தெளியும்.

நீடித்த கோவிட், அதாவது கோவிட் போய் மாதங்கள் ஆகியும் தொந்தரவு விடாத நிலை, உள்ள சிலரிடம் சர்க்கரை எடுக்கும் அளவு சில பகுதிகளில் குறைந்திருப்பதை பெட் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் உறக்கமின்மை, மனச்சோர்வு, சில மாத்திரைகள் எல்லாமே இந்தப் படத்தை மாற்றும். ஆகவே, பெட் எடுத்து "உங்களுக்கு நீடித்த கோவிட்தான்" என்று உறுதி செய்ய இன்றைக்கு வழியில்லை. அப்படி யாராவது பெரிய தொகை கேட்டால் பர்ஸைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

'மூளை சுருங்குகிறது' என்ற செய்தி

2022 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றுதான் அந்தத் தலைப்புகளுக்கு மூலம். 51 முதல் 81 வயது வரையிலான 785 பேருக்கு, கோவிட் வருவதற்கு முன்பே, பெருந்திரளானோரின் உடல்நலத் தகவலைத் திரட்டும் யூகே பயோபேங்க் திட்டத்தில் மூளைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். பிறகு இரண்டாம் முறை எடுத்தார்கள். இடையில் 401 பேருக்குக் கோவிட் வந்திருந்தது, 384 பேருக்கு வரவில்லை. வயது ஏற ஏற எல்லோருக்கும் மூளை கொஞ்சம் மெலியும். வந்தவர்களுக்கு, முக்கியமாக வாசனையோடும் நினைவோடும் தொடர்புள்ள சில பகுதிகளில், அந்த மெலிவு சராசரியாக 0.2 முதல் 2 சதவீதம் கூடுதலாக இருந்தது. இவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில் படுக்காதவர்கள்.

நல்ல ஆய்வு, உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் இது நூற்றுக்கணக்கானோரின் சராசரியில் தெரிந்த வித்தியாசம். நோய்க்கு முன் எடுத்த படம் கையில் இருந்ததால் தெரிந்த வித்தியாசமும்கூட. தக்கலையிலோ குளச்சலிலோ இருக்கும் ஒருவரின் ஒற்றை ஸ்கேனைப் பார்த்து ஒரு சதவீதம் மெலிந்திருக்கிறது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. மனிதருக்கு மனிதர் இருக்கும் இயல்பான வித்தியாசமே அதைவிடப் பெரிது. ஆய்வில் மாற்றம் தெரிந்ததும் உங்கள் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் ஒன்றோடொன்று முரண்படுவதில்லை.

புள்ளி இருக்கிறதாம்

நார்மல் ரிப்போர்ட்டைவிடக் கூடுதல் கலவரம் செய்வது 'வெண்பொருளில் சிறு புள்ளிகள்' என்ற வரி. மூளைக்குள் பகுதிகளை இணைத்து ஓடும் நரம்பிழைகளின் கட்டுதான் வெண்பொருள். 50, 60 வயதைக் கடந்தவர்களில் பலருக்கு அதில் சில வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு முன்னதாகவே வரும். காய்ச்சல் வராதவரை எடுத்துப் பார்த்திருந்தாலும் இருந்திருக்கும். புள்ளியின் இடமும் வடிவமும் நோயாளியின் தொந்தரவும் பொருந்தினால்தான் அதற்கு அர்த்தம். பொருந்தாவிட்டால் அது சொல்வது வைரஸைப் பற்றி அல்ல, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்பதைப் பற்றி.

படத்தைவிட அதிகம் சொல்லும் சோதனைகள்

உலக சுகாதார அமைப்பு 2021-இல் தந்த வரையறைப்படி, கோவிட் தொடங்கி மூன்று மாதம் அளவில் இருந்து, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாத தொந்தரவுகள்தான் நீடித்த கோவிட். அந்த வரையறையில் ஸ்கேன் என்ற சொல்லே இல்லை. கவனிக்க வேண்டியது 'வேறு நோயால் விளக்க முடியாத' என்ற பகுதியை. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சர்க்கரை ஆகிய நான்கும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள். மந்தத்துக்குக் காரணம் இவற்றில் ஒன்று என்றால் மருந்து உண்டு. குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும், புதிதாகத் தொடங்கிய மாத்திரைகளும் விசாரிக்கப்பட வேண்டியவை.

எழுந்தால் கிறுகிறுப்பவர்களுக்கு ஒரு கட்டிலும் ஒரு கடிகாரமும் பிரஷர் பார்க்கும் கருவியும் போதும். சிறிது நேரம் படுக்க வைத்து நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். பிறகு நிற்க வைத்துப் பத்து நிமிடம் வரை அவ்வப்போது பார்ப்பார்கள். பெரியவர்களுக்கு அழுத்தம் இறங்காமலே நாடி நிமிடத்துக்கு 30-க்கு மேல் கூடி, தலை சுற்றினால் தன்னியக்க நரம்புகள் தடுமாறுகின்றன என்று பொருள். தண்ணீர், உப்பு, காலுக்கு இறுக்கமான உறை என்று தொடங்கும் சிகிச்சை அதற்கு உண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. மறதிக்கு, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொல்வார்கள்: 93, 86, 79. கடிகார முகத்தை வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொல்வார்கள். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் கவனமும் நினைவும் எங்கே அறுகின்றன என்பதை இது நேராகவே காட்டிவிடும்.

உழைத்த மறுநாள் தொந்தரவு பல மடங்காவது தனி அறிகுறி. 300 மரம் பால் வெட்டுகிறவர் நன்றாக இருக்கிற நாளில் முன்னூறையும் வெட்டிவிட்டு மூன்று நாள் விழுவதைவிட, சில வாரம் நூற்றைம்பதோடு நிறுத்திப் பார்ப்பது மேல். எவ்வளவு வேலைக்கு எவ்வளவு விழுந்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் நரம்பு டாக்டருக்கு அது பெரிய உதவி.

மறுபடி எடுக்க வேண்டுமா

புதிய அறிகுறி வந்தால், இருப்பது நாளுக்கு நாள் மோசமானால் எடுக்கலாம். முதலில் எடுத்தது சி.டி. மட்டும் என்றால் எம்.ஆர்.ஐ. பார்க்கக் காரணம் இருக்கலாம். எதுவும் மாறாதபோது ஊர் மாறி எடுப்பதால் கிடைப்பது இன்னொரு நார்மல்தான். எடுக்கும் முன் டாக்டரிடம், "எதைத் தேடி எடுக்கச் சொல்றீங்க? இருந்தா என்ன செய்வீங்க, இல்லன்னா என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

திருவனந்தபுரத்துக்கே போவதானாலும் பழைய ஸ்கேனைக் கொண்டு போக வேண்டும், பெரிய கவரில் இருக்கும் ஃபிலிமை மட்டுமல்ல, படங்கள் பதிந்த கணினித் தட்டையும். ஒரு மூளை எம்.ஆர்.ஐ.யில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஃபிலிமில் அச்சடிப்பது அவற்றில் கொஞ்சம்தான். தட்டு தொலைந்திருந்தால் எடுத்த இடத்திலேயே மறுபிரதி கேட்டுப் பாருங்கள். நாள் ஆக ஆக அவர்களிடமும் கிடைக்காமல் போகலாம்.